கரடி பார்த்தது

கரடி பொம்மையின் கண்ணுக்குள் இருந்த கேமராவில், பிள்ளை பார்க்கும் ஹாஜிரா கையும் களவுமாகச் சிக்கினாள். காலையில் கொடுத்துவிட்டு வந்த பாட்டில் பாலை அவள் சிங்க்கில் கொட்டுவது லோகேஸ்வரியின் போனில் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து, அலமாரி மேலிருந்து ஏதோ ஒரு டின்னை இறக்கினாள்.

லோகேஸ்வரி மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஹாஜிராவின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சந்தேகம் இன்று வந்ததல்ல. மகன் அஸ்வினுக்குப் பதினோரு மாதம். ஹாஜிராவிடம் விட்டதிலிருந்து மூன்று தடவை வயிற்றுப்போக்கு. கடைசித் தடவை கண் செருகிப் போய், ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள்.

"இன்னொரு தடவை இப்படித் தண்ணி வத்துனா பிள்ளை தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது மருந்தின் புண்ணியத்தில் பத்து நாளாகத்தான் வயிறு அடங்கியிருக்கிறது. மருந்து தீர்வதற்குள் குற்றவாளியைப் பிடித்தாக வேண்டும் என்றுதான் இன்று காலை கரடியைக் கொண்டுபோய் வைத்தாள்.

சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் பிள்ளை நன்றாக இருப்பான். வேலை நாள் வந்தால் போச்சு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இத்தனைக்கும் ஹாஜிரா வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பிள்ளை வாயில் படக் கூடாதென்று, கிள்ளானில் தன் வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கே நாலு பாட்டில் பாலைத் தன் கையாலேயே கலக்கி, சூடு ஆறாத பையில் போட்டுக் கொண்டு வருகிறவள் அவள். ஃபெடரல் ஹைவே டிராஃபிக் ஜேமில் எத்தனை நேரம் நின்றாலும் பால் வெதுவெதுவென்று இருக்கும். அப்படிப்பட்ட தாய்க்கா இந்தத் துரோகம்!

கதவு திறந்தது. ஹாஜிராவின் இடுப்பில் இருந்த அஸ்வின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். லோகேஸ்வரி அவனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் பால எதுக்குக்கா கொட்டுனீங்க? பொய் சொல்லாதீங்க லா, கேமராவுல பாத்துட்டேன்!"

ஹாஜிரா கரடியைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதாம்மா..."

"என்னத்த நம்பணும்? நீங்க பாக்குற மத்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஒன்னும் ஆகல. என் பிள்ளைக்கு மட்டும் ஏன்? எங்க அந்த டின்னு?"

ஹாஜிரா டின்னைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். லோகேஸ்வரி வீட்டில் இருக்கும் அதே பால் மாவு, அதே பிராண்டு.

"அவன் அழுவுறப்ப, தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு அப்பப்பக் கலக்கிக் குடுக்குறேன். மத்த பிள்ளைங்களுக்கும் அப்படித்தான்."

பிறகு, பையில் மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். "நீங்க கலக்குனது. மோந்து பாருங்க."

வெதுவெதுப்பான பாலிலிருந்து லேசாகப் புளித்த வாடை வந்தது. லோகேஸ்வரி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். 

"எத்தன நாளாக்கா... கொட்டுறீங்க?"

"பத்து நாளும்மா."