பெரிய மாப்பிள்ளை கை வைத்த ஷவர்

"பிளம்பரெல்லாம் எதுக்கு அத்தை? நான் இருக்கேன்ல!"

பெரிய மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும் கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதர் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். போன தடவை மாமனார் வீட்டுக்கு வந்தபோது, தாழ்ப்பாளைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனவர்.

"நீங்க சும்மா உட்காருங்களேன்" என்றாள் மனைவி.

எப்படிச் சும்மா உட்கார்வது? போன வருஷம் அவருடைய சகலை, அதாவது வீட்டின் சின்ன மாப்பிள்ளை, கூடத்து ஃபேனை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார். அன்று முதல் ஃபேன் சுற்றும்போதெல்லாம் அவர் புகழும் சேர்ந்து சுற்றுகிறது. பெரிய மாப்பிள்ளைக்கு அதன் காற்றே புழுக்கமாக இருந்தது. போன மானத்தை மீட்க, பாத்ரூமில் சொட்டிக்கொண்டிருக்கும் இந்த ஷவரை விட்டால் வேறு வழியில்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த மாமனார் சிரித்தார். முப்பது வருஷம் குழாய் ஃபிட்டராக இருந்தவர்.

"மூடின பிறகும் சொட்டுதுன்னா ஷவர்ல கோளாறு இல்ல மாப்பிள்ளை. கீழே குழாய்க்குள்ள வாஷர் தேஞ்சிருக்கும். நானே பார்த்திருப்பேன். குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே!"

போன வருஷம் பூந்தொட்டியைத் தூக்கினாராம். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அதெல்லாம் தெரியும் மாமா" என்றார், எதுவும் தெரியாத மாப்பிள்ளை. கடைக்கு ஓடி வாஷர் வாங்கி வந்து, பாத்டப்புக்குள் இறங்கினார்.

கதவுக்குப் பின்னால் இரண்டு வால்வுகள். கைக்கு எட்டியதை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினார்.

"ஐயோ, சமையலறையில தண்ணி நின்னுபோச்சு!" என்று மாமியார் கத்தவும், இங்கே தண்ணீர் மூக்கிலேயே பீய்ச்சி அடிக்கவும் சரியாக இருந்தது.

"மேல இருக்கறது மாப்பிள்ளை! மேல!" வெளியிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

தட்டுத் தடுமாறி அதையும் மூடினார். ஒரு கையில் பழைய வாஷர், இன்னொரு கையில் புது வாஷர். மூக்குக்கண்ணாடி டப்பில் எங்கேயோ விழுந்து கிடந்தது. ஒன்றை உள்ளே வைத்து முறுக்கினார். மற்றதைச் சட்டைப் பையில் போட்டார். வால்வுகளைத் திறந்துவிட்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"முடிஞ்சது!"

சொட்டச் சொட்ட நின்றவரைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஷவர் நின்னுச்சோ என்னவோ, இப்ப நீங்க ஒழுகறீங்க!"

"இரும்மா, நான் குளிச்சுப் பார்த்துட்டு வர்றேன்." மாமனார் சுருட்டிய துண்டோடு உள்ளே போய்த் தாழ் போட்டார்.

அரை மணி நேரம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து பாடியே அறியாதவர், உள்ளே தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் 'டங்' என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?" என்றார் மாமியார்.

"சோப்பு டப்பா விழுந்துடுச்சு!"

கதவைத் திறந்ததும் முதல் வேலையாக எல்லோரையும் கூப்பிட்டார். "வந்து பாருங்க! ஒரு சொட்டு இல்ல!"

குடும்பமே ஒரு நிமிஷம் ஷவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. நிஜமாகவே ஒரு சொட்டு இல்லை. மாமனார் அதோடு விட்டாரா? போனை எடுத்துச் சின்ன மாப்பிள்ளையையே கூப்பிட்டுவிட்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்ல மாப்பிள்ளை! உங்க சகலை பெரிய ஆளு!"

பெரிய மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்து ஃபேனுக்குக் கீழே, ஒரு வருஷத்துக்குப் பிறகு, நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஈரச் சட்டையை அலச எடுத்த மனைவி கேட்டாள். "என்னங்க, பையில இது என்ன?"

கறுப்பாக, பளபளவென்று, புத்தம்புது வாஷர்.

அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அப்படியென்றால் உள்ளே மாட்டியது?

பக்கத்து அறையில் மாமியார் மாமனாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "குளிச்சதுக்கெல்லாமா இடுப்பு இப்படிப் பிடிக்கும்? இருங்க, வெந்நீர் கொண்டு வர்றேன்."

அவர் வெளியே போனதும் மாப்பிள்ளை உள்ளே நுழைந்தார். குப்புறப் படுத்திருந்த மாமனாரிடம் வாஷரை நீட்டினார். வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"உள்ளே போய் வேற வாஷர் மாட்டினது நீங்கதானா மாமா? எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"உஷ்! மூச்சு விடக் கூடாது!" மாமனார் வாசலைப் பார்த்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னார். "பூந்தொட்டியாவது ஒண்ணாவது! போன வருஷம் சின்ன மாப்பிள்ளை ரிப்பேர் பண்ணிட்டுப் போன ஃபேனைச் சரிபண்ண ஏணியில ஏறினப்ப பிடிச்ச இடுப்பு இது!"