ராஜாளியின் காவல்

காயடித்து நாலு வருஷமாகியும் ராஜாளி என்ற குதிரைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. லாயத்திலிருந்த இரண்டு பெட்டைக் குதிரைகளும் தண்ணீர் குடிக்கக்கூட வரிசையில் நின்று அதனிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"எங்களை யார்கிட்டேயிருந்து காப்பாத்துறீங்க?" என்று கேட்டது பவளம் என்ற பெட்டை.

"எதிரிகிட்டேயிருந்து."

"எதிரி யாரையும் காணோமே."

"நான் இருக்கிறதாலதான் காணோம்."

ஒருநாள் தண்ணீர் ஊற்ற வந்த முதலாளியையே எதிரி என்று ராஜாளி கடித்துவைத்தது. அவர் அதை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கழுதையோடு விட்டுவிட்டார். பெட்டைகள் இரண்டும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன.

சாயங்காலம் வேலிக்கு அப்பால் கழுதையின் குரல் கேட்டது.

"நானும் ஆம்பளைதான், அண்ணே. அதுவும் இங்கே தண்ணி குடிக்க உங்களை விட்டா நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றது ராஜாளி. "முதல்ல வரிசையில நில்லு."