கோட்டுக்குக் கீழே

யாரும் பேச வேண்டாம் என்றாள் தபித்தாள்.

நின்றால் போதும். இந்தச் சரிவில் வீடு கட்டச் சம்மதம் என்கிறவர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலேயே வரிசையாக நிற்கட்டும். வேண்டாம் என்கிறவர்கள் இறங்கிக் கீழே நிற்கட்டும். பெயர் கேட்கமாட்டோம், கையெழுத்து வாங்கமாட்டோம்.

நாலு பேர் முன்னால் பேசுவது அவளுக்கும் ஆகாது. அதனால்தான் இப்படியொரு யோசனையே அவளுக்குத் தோன்றியது.

பிக்கட்டி ஊருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்குப் புது வீடு கட்டும் திட்டம். சமுதாயக் கூடத்தில் இரண்டு முறை கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இரண்டு முறையும் முன்வரிசை நாற்காலியில் சூப்பர்வைசர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சனம் டீயைக் குடித்தது, பன்னைத் தின்றது, தின்றதைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காமல் எழுந்து போனது.

தபித்தாள் நகரமைப்பு அலுவலகத்துக்குப் புதியவள். படித்தது நிலவியல். சரிவில் அவள் குத்திய இரும்புக் கம்பி வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது. உருவியபோது குழியில் தண்ணீர் ஊறியது.

ஒரு பெருமழைக்கு இந்த மண் நிற்காது. வீடுகளோடு போய்விடும்.

மேலதிகாரி தனசிங்கிடம் சொன்னாள்.

"உன் கம்பியும் என் பேச்சும் ஒண்ணுதாம்மா. ஒருத்தனும் மதிக்கமாட்டான்," என்று சிரித்தார் அவர். குடியிருக்கப் போகிறவர்களே வேண்டாம் என்று சொன்னால்தான் திட்டம் நிற்கும். வேறு இடமும் பார்த்தாக வேண்டும்.

அதை அவள் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். அவர்கள் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். கைக்கு வந்த வீட்டை வேண்டாமென்றால் இன்னொரு வீடு வரும் என்று நம்புகிற அளவுக்கு வாழ்க்கை அவர்களிடம் நடந்துகொண்டதில்லை.

இன்று சூப்பர்வைசரை ஜீப்புக்கு அந்தப் பக்கம், ரோட்டைப் பார்த்து நிற்க வைத்தாயிற்று. சனம் தலையில் சாக்கும் காலில் ரப்பர் பூட்ஸுமாகக் கும்பலாக மேலே நின்றது.

அப்போது மூடுபனி இறங்கியது.

தபித்தாளுக்குத் தன் கையே தெரியவில்லை. ஒரு வகையில் நல்லதுதான். யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"நகருங்க," என்றாள்.

ஈரப்புல் மிதிபடும் சத்தம் கேட்டது. துணி உரசும் சத்தம். எங்கோ கீழே ஒரு குழந்தை இருமியது. பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லியிருந்தாளே என்று நினைத்துக்கொண்டாள்.

மூடுபனி லேசாக மெலிந்தது.

கோட்டுக்குக் கீழே ஆட்கள் நின்றார்கள். போர்வையை முக்காடிட்ட உருவங்கள், தோளோடு தோள், முகம் மேலே பார்த்தபடி. அசைவே இல்லை.

மேலே இருந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசை பல் விழுந்த வாய்போல் இருந்தது. நடுநடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. ஓரிடத்தில் மட்டும் அதைவிடக் குறுகல்.

இத்தனை பேர் இறங்கிவிட்டார்கள். தபித்தாளுக்குக் கண் கலங்கியது.

"அடேங்கப்பா," என்றார் ஜீப்பிலிருந்து தனசிங். "பேச வெச்சா ஒருத்தனும் பேசல. நிக்க வெச்சதும் பாரு." வேறு இடம் பார்க்கச் சொல்லி எழுதிவிடலாம் என்று பக்கத்தில் நின்ற காண்டிராக்டரின் ஆளிடம் சொல்லியும்விட்டார். அந்த ஆள் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மூடுபனி மறுபடியும் மூடியது.

வரிசையின் முனையில் நின்ற மூக்கம்மாவிடம் தபித்தாள் தடவித் தடவிப் போனாள். டீ வந்துவிட்டது, கீழே போனவர்களையும் மேலே வரச் சொல்லுங்கள் என்றாள்.

"யாருமே எறங்கலீங்களே அம்மணி," என்றாள் மூக்கம்மா. "எங்களுக்கு ஊடு வேணுமில்லீங்களா."

அப்படியானால் வரிசையில் அந்தக் காலி இடங்கள்?

மூக்கம்மா தலைச்சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது அவங்க எடமுங்க. முன்ன எங்க லைன் இங்கதான் இருந்துது. மண்ணு சரிஞ்சு ஊட்டோட அவங்க போனதுக்கப்புறம், காலைல பேரு கூப்பிடற பெரட்டுக்கு நிக்கறப்ப அவங்கவங்க எடத்த உட்டுட்டுத்தான் நிப்போம். சிலோன்ல இருந்து ஒண்ணா வந்தவங்க. வரிசைன்னு நின்னா இப்பவும் காலு தன்னால அப்படித்தான் நிக்குது."

காற்று ஒரு தரம் வீசியது. மூடுபனி முழுவதும் விலகியது.

கோட்டுக்குக் கீழே ஒருவரும் இல்லை. கொஞ்சம் சேறு, அப்புறம் புல், அப்புறம் பள்ளம். போவதற்கு வழி கிடையாது.

சேற்றில் காலடிகள் இருந்தன. எல்லாம் வெறுங்கால்கள். விரல்கள் கோட்டைப் பார்த்திருந்தன. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

வரிசையில் எல்லோரும் சேற்றையே பார்த்தார்கள். மூக்கம்மா மட்டும் தன் இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். குறுகலான காலி இடம் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அதற்கு நேர் கீழே இருந்த காலடிகள் தபித்தாளின் உள்ளங்கை அளவுகூட இல்லை.