கப்பல் ஜன்னலின் ஓரம்

கிரீச்சென்று ஒரு சத்தம். தங்கையின்மேல் தேய்ந்து தேய்ந்து தொலைநோக்கியின் ஆடியாகக் குழிந்துகொண்டிருந்த அக்காள் கண்ணாடி அப்படியே நின்றது.

“உன் ஓரம் தெறிச்சிருச்சு அக்கா. சில்லு என் வயித்தைக் கீறிடுச்சு,” என்றது கீழே படுத்திருந்த தங்கைக் கண்ணாடி. இரண்டும் ஒரே பழைய கப்பலின் வட்ட ஜன்னல்களாக இருந்தவை. இப்போது நடுவில் சாணைப் பொடியும் தண்ணீரும் இட்டு ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன.

“கூர் ஓரத்தை மழுக்கிக்கம்மான்னு எத்தனை தடவை சொன்னேன்!” என்றது பக்கத்தில் கிடந்த சாணைக்கல். “இன்னொரு சில்லு விழுந்து உன்னையும் கீறினா, எந்த நட்சத்திரமும் உனக்குள்ள ஒழுங்காத் தெரியாது.”

“கடலைப் பார்த்த முகம்தான் தேய்ஞ்சு போச்சு. பித்தளை வளையம் பிடிச்சிருந்த ஓரமாவது இருக்கட்டுமே,” என்றது அக்காள்.

தங்கை சிரித்துவிட்டது. “அந்த வளையமா? அது வழியா கடல்தண்ணி ஒழுகாத நாள் உண்டா? கப்பல் சமையல்காரர் நம்மளைத் திட்டிக்கிட்டே கந்தலைத் திணிப்பாரே!”

“உன்னைத்தான் அதிகம் திட்டுவார்.”

“பொய்! உன்னைத்தான்!”

அவருடைய வசவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி இரண்டும் சிரித்தன. சொல்லச் சொல்ல உப்புக்காற்று அடிப்பதுபோல் இருந்தது அக்காளுக்கு; கடலை நினைக்க அந்த ஓரம் தேவையில்லை என்று பட்டது. சிரிப்பு ஓய்ந்ததும் அது தன் ஓரத்தைச் சாணைக்கல்லின் பக்கம் திருப்பிக் கொடுத்தது. கல் அந்தக் கூர் ஓரத்தைச் சுற்றிலும் சரித்துத் தேய்த்து முடித்தது.

பிறகு சில்லைக் கழுவிவிட்டு, புதுப் பொடி தூவிக்கொண்டு, இரண்டும் மறுபடி தேய்க்கத் தொடங்கின.