கூடிய எலும்பு

சும்மாடு வைக்கும் இடத்துக்கு நேர் கீழே அவனுக்கு ஆறு மாதமாக வலித்தது. கல் சுமப்பவனுக்குத் தலைவலி தலையெழுத்து என்று விட்டுவிட்டான். ஒருநாள் கல்லோடு விழுந்த பிறகுதான் படம் எடுத்தார்கள். மூளையுறையில் புற்று; அது தனக்குள் எலும்பு வளர்த்துக்கொண்டிருந்தது. அபூர்வம் என்றார் டாக்டர். மண்டையைத் திறந்து எடுத்தார்கள்.

பத்தாம் நாள் டாக்டர் பரிசோதனை முடிவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“ஆறு மாசத்துல வளர்ந்த எலும்பு. ஆனா நடுவுல உடைஞ்சு, கோணலாக் கூடியிருக்கு. கூடி இருபது வருஷம் இருக்கும்னு எழுதியிருக்காங்க.”

“ஆள் மாறிப்போச்சா சார்?” என்றாள் மனைவி. “இவரு நேரத்துக்கு எதுவும் நடக்கும்.”

“ரெண்டு தடவை பார்த்தாச்சும்மா, இவரோடதுதான். இது தெளிவாகாம நான் மருந்து ஏத்த முடியாது. உங்களுக்கு எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா?”

“எனக்கில்ல சார்,” என்றான் அவன். “எங்கண்ணனுக்கு, தோள்ல.”

“அவரை வரச் சொல்லுங்க.”

“அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாசமாச்சு.”

டாக்டர் பேனாவை மூடினார். இருபது வருஷத்துக்கு முன்பு அவன் காய்ச்சலில் படுத்த அன்று, அவன் முறைக்குக் கல் தூக்கப் போய்த்தான் அண்ணன் விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். சுமைக்காரர்களுக்குள், தன் முறையைச் சுமந்தவனுக்கு ஒரு முறை திருப்பிச் சுமக்க வேண்டும். தோள் கோணலாகக் கூடிய பிறகு அண்ணன் வேலைக்கே போகவில்லை. அவர் சாகும்வரை இவனால் அதைத் திருப்ப முடியவில்லை.

அண்ணனுக்கு ஒருநாள் சுமை இன்னும் பாக்கி.