நெஞ்சில் வைத்த கை

பட்டிமன்ற நடுவர் சொல்லருவி வேதமூர்த்திக்கு வலிப்பு நோய். கழுத்து நரம்புக்கு மின்சாரம் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை அவர் நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். வலிப்பு நின்றது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது வேலை செய்யும் அரை நிமிடம், சொல்லருவியின் குரல் வாத்தின் குரலாகிவிடும்.

“கருவி மேல காந்தத்தை வச்சா அது நின்னுடும் சார். ஆனா ரொம்ப நேரம் வைக்காதீங்க, வலிப்பு வந்துடும்” என்றார் டாக்டர்.

“தீர்ப்பு சொல்லும்போது மட்டும் வச்சுக்கிறேன்.”

“எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணி.”

“தீர்ப்பைச் சுருக்குங்களேன்.”

டாக்டருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று வேதமூர்த்தி சிரித்தார்.

அடுத்த மேடையிலேயே காந்தத்தை உள்ளங்கையில் மறைத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு தீர்ப்பைத் தொடங்கினார். உருக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் தாங்களும் நெஞ்சில் கை வைத்தார்கள். பிறகு அரங்கம் முழுக்க வைத்தது. நாற்பதாவது நிமிடம் ரப்பர் கருகும் வாசனை வந்தது. வலிப்புக்கு முன்னால் அவருக்கு வழக்கமாக வருகிற வாசனை. இல்லை, நிஜமாகவே ஏதாவது எரிகிறதோ? எந்த அணிக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறோம்? எதுவும் விளங்காமல், சொன்ன வரியையே மூன்றாம் முறை சொன்னார். ஆரவாரம் கூடியது.

அவர் மனைவி சுலோச்சனா மட்டும் எழுந்து நின்று கத்தினாள்: “ஏங்க, கையை எடுங்க!”

அறுநூறு பேரும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்கள். மேடையில் ஒரு கை மட்டும் நெஞ்சிலேயே இருந்தது.