கோழியின் வசனம்

ஈஸ்டர் தோறும் கனடாவில் டிவியில் வருகிற பழைய கார்ட்டூன் அது; பிள்ளைகளுக்குக் கூடையில் கலர் முட்டை கொண்டுவருகிற ஈஸ்டர் முயலின் கதை. ரிஸ்னா பார்த்ததில்லை. அஜின்கோர்ட்டில் அவளுடைய சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்று அதற்குத் தமிழ்க் குரல் பதிவு. முயலுக்கு வினோதன், கோழிக்கு அவர் மனைவி நிரூபா. படத்தைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் வினோதன்.

மைக்கைத் திறந்ததுதான் தாமதம், கோழி பாய்ந்தது.

“முட்டையிட்டது நான். கூடையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சு பேர் வாங்கினது நீங்கள்.”

முயல் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சீறியது. “உன்ர வெள்ளை முட்டையை ஆர் பாப்பினம்? கலர் அடிச்சு எடுப்பாக்கினது நான்.”

“முட்டை இல்லாட்டி உங்கட கலரை எதில அடிச்சிருப்பியள்? மாலை போட்டுக்கொண்டு நிண்ட இடங்களில ஒருக்காலாவது என்ர பேரைச் சொன்னனீங்களோ?”

“உன்னைக் கூப்பிட்டால் என்னத்தைக் கதைப்பாய்? உனக்குக் கதைக்கத் தெரியுமோ?”

“இப்ப கேட்டுக்கொண்டுதானே நிக்கிறியள்.”

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு நிரூபா வெளியே போனாள். வினோதனின் முகம் கறுத்திருந்தது.

“அக்கா கலக்கிப்போட்டா,” என்று பூரித்துப்போன ரிஸ்னா, குரலைப் பொருத்துவதற்காகப் படத்தை ஓடவிட்டாள்.

திரையில் கோழி ஒரு முட்டையிட்டது. ஒருமுறை கொக்கரித்தது. போய்விட்டது. ரிஸ்னா கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். கோழி திரும்பி வரவேயில்லை.

“அண்ணை, இதில கோழிக்கு வசனமே இல்லையே.”

“உவளைக் கொக்கரிக்கத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்,” என்றார் வினோதன்.

வெளியே அவருடைய கார் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.